பேர் உதிர்ந்த ஆர்டர்கள்

ரெண்டு சாஃப்ட்வேரைப் பேச வைக்கிற வேலை என்னோடது. அதுங்க பேசலைன்னா திட்டு மட்டும் எனக்கு. இதே வேலையில மாட்டிகினு இருக்கிறவங்களுக்கு அந்தப் பேஜாரு புரியும்.

ஏழுக்கு ஒண்ணு

ஆரணியில ஒரு பட்டுக் கடை. வெப்சைட்ல வர்ற ஒவ்வொரு ஆர்டர் மேலயும் நெசவாளர் பேரைச் சீட்டு மாதிரி ஒட்டி அனுப்புவோம். எங்க சாஃப்ட்வேர் அந்தப் பேரையே ஃபைலுக்கு வச்சி கடையோட ஃபோல்டர்ல போடும். அதைப் பார்த்துத்தான் நெசவாளருக்கு வேலை போகும்.

ஒருநாள் கல்யாணப் பொண்ணோட அம்மா போன் பண்ணி, முகூர்த்தப் புடவை எவ்வளவு நெய்ஞ்சிருக்குன்னு கேட்டாங்க. தறியில ஏறவே இல்லை! வந்தது ஏழு ஆர்டர், ஃபோல்டர்ல ஒரே ஃபைல். நடுவுல நான் புதுசா சேர்த்த ஒரு படி, சீட்டைக் கழட்டிப் போட்டிருக்கு. எல்லாம் பேரில்லாம ஒரே ஃபைல் மேல விழுந்து, ஒண்ணை ஒண்ணு அழிச்சிருக்கு. மத்த ஆர்டருங்க பொறுக்கும், இது பொறுக்காது. முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான். கடை முதலாளி கேட்டார்: "ஏம்மா, உள்ள போனது ஏழு பேரு, வெளிய வந்தது ஒருத்தரு. மீதி ஆறு பேரை என்ன பண்ணே?"

டெஸ்ட்ல ஓடுச்சு

ஓடுச்சுங்க, சத்தியமா! ஒரே ஒரு ஆர்டர் அனுப்பிப் பார்த்தேன், ஃபைல் வந்துச்சு, டீ குடிக்கப் போயிட்டேன். என் டீம் லீடர் தலையில கை வச்சிகினு சொன்னார்: "ஃபைல் வந்துச்சான்னு கேட்டேன், வந்துச்சுன்னே. யாரோடதுன்னு நானும் கேக்கலை, நீயும் பார்க்கலை."

சேவூர்ல

அந்த முகூர்த்தப் புடவையை நெய்ய வேண்டியவங்க தேவகி அக்கா. மன்னிப்பு கேக்க ஸ்கூட்டியில போனேன். நாலு நாளா தறி சும்மா கிடந்திருக்கு. நீளவாட்டுல ஓடுற பாவு தயார், குறுக்க ஓடுற ஊடை நூலுக்குத்தான் சாயம் போடணும். திட்டிகினே நூல் கட்டுல முடிச்சு போட்டாங்க. "பேரெழுதி ஒட்டலையாக்கா?"ன்னேன். "எல்லார் நூலோடயும் சாயத்துல போட்டா சீட்டு கூழாயிடும். நூல்லயே மூணு முடிச்சு போட்டா என்னுது. நீ என்னத்த படிச்சே?"

வெக்கமா போச்சு. அன்னிக்கே பேரை ஆர்டருக்கு உள்ளயே எழுதி வச்சி, ஃபைலுக்கு அங்கேருந்து எடுக்குற மாதிரி மாத்திட்டேன்.

ரெண்டு நாள் முன்னாடி

அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் மாறி மாறி உக்காந்து நெய்ஞ்சாங்க. முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது புடவை போய்ச் சேர்ந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நன்றி சொல்லப் போனா, அக்கா சுவத்துல சாஞ்சிகினு சொன்னாங்க: "உன் கம்ப்யூட்டரு மறந்த நாலு நாளை என் முதுகு ஞாபகம் வச்சிகினு இருக்குதும்மா."

எங்க வேலையில தப்பைத் திருத்த அரை மணி நேரம் போதும், அதுக்கு முதுகு வலிக்கிறதுதான் வேற யாருக்கோ.