அண்ணாச்சி தேடிய ஐம்பது ரூபாய்

ஓசூர் பக்கம் மத்திகிரியில் எங்கள் வீட்டு முன்பக்கக் கடையில் மளிகை வியாபாரம் செய்கிறார் சுடலைமுத்து அண்ணாச்சி. கடை எங்களுடையது என்பதால் அவரைத் திட்ட எனக்குப் பாதி உரிமை உண்டு. மீதியை நானே எடுத்துக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மனுஷன். எடையில் ஒரு கிராம் குறைக்க மாட்டார். வீம்பிலும் அப்படித்தான்.

கல்லாவுக்கு எந்த நோட்டு வந்தாலும் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். ஆறு இலக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்குப் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஆறு எண்ணை நாள், மாதம், வருஷம் என்று படித்தால் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வரும். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு அவரவர் பிறந்தநாள் நோட்டைப் பார்த்து எடுத்துவைத்து, அதே மதிப்புக்குக் கொடுப்பார். மடிப்பு, கறை, கிழிசல் எதுவும் இருக்கக் கூடாது. அது அவர் சட்டம்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு எண். 170498. மகள் பொற்கொடி பிறந்த நாள்.

பொற்கொடி, கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த ஹரீஷ்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கன்னடக்காரப் பையன், வீடு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி. நல்ல பையன், நானே விசாரித்தேன். அண்ணாச்சி, "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுவாரமே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டுமே! "அவ பிறந்தநாள் நோட்டு என் கல்லாவுக்குத் தானா வரட்டும். அன்னைக்கே போயிப் பாக்கேன்" என்றார். மூன்று வருஷம் ஆயிற்று.

விலை கொடுத்தால் அப்படிப்பட்ட நோட்டு கிடைக்கும் என்று பையன்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. எல்லோரும் போனில் பணம் அனுப்ப ஆரம்பித்ததும் நோட்டே வராமல் போய்விட்டது. ஒருநாள் ஸ்கேன் செய்யும் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டார். பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போனது. இத்தனை ஏக்கத்தை வைத்துக்கொண்டு அரைமணி தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் போய்ப் பார்க்காத ஆளை என்னவென்று சொல்வது?

போன மாதம் அவர் தக்காளி எடுக்க ராயக்கோட்டைக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி காளியம்மாள். திடீரென்று "நாகம்மாக்கா!" என்று ஒரு கத்தல். ஓடினேன். அவள் கையில் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு. எட்டாக மடித்து, மஞ்சள் கறை பட்டு, ஓரம் கிழிந்து கிடந்தது. எண்ணைப் பார்த்தேன். ஒன்று, ஏழு, பூஜ்யம், நான்கு, ஒன்பது, எட்டு. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். காளியம்மாள் உடனே மகளுக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி வந்து நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தார். பிறகு, "கிழிசல் நோட்டு. இது சேராது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே கடையைக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன். காளியம்மாள் சத்தம் போடவில்லை. "நோட்டு கிழிஞ்சிருக்கு, சரி. எம்பிள்ள என்ன பண்ணுச்சு?" என்றாள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்கு ஆகாதுன்னா பஸ்ஸுக்கு ஆகும். அக்கா, எனக்குக் கன்னடம் வராது, கூட வாங்க."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் ஏறினோம். பஸ் நகரும்போது பின்படியில் லுங்கியோடு தொற்றி ஏறினார் அண்ணாச்சி. அதற்குள் டிக்கெட்டுக்குக் கொடுத்த நோட்டு கண்டக்டர் பைக்குள் போய்விட்டது. "சார், அந்த நோட்ட மட்டும் குடுங்க, வேற தாரேன்" என்று கெஞ்சினார் அண்ணாச்சி. "கிழிஞ்ச நோட்டுக்கு இன்னாய்யா இப்படி அலையற?" என்று கண்டக்டர் சலித்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தபோது அத்திப்பள்ளி வந்துவிட்டது.

நாங்கள் இறங்கினோம். வீம்போ வெட்கமோ, அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தே இருந்தார்.

பொற்கொடி நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டே, "அப்பா வரலையாம்மா?" என்றாள். காளியம்மாள் ஜன்னலைக் காட்டினாள். பொற்கொடி ஓடிப்போய் நின்றதும் அண்ணாச்சி நோட்டை வெளியே நீட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எதுக்குப்பா? வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே. ஓசூர் பஸ் வரும்போதெல்லாம் நீங்க இறங்குதீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அண்ணாச்சிக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. எழுந்தார். அதற்குள் விசில். பஸ் நகர்ந்தது, பிடித்த கை விட்டுப்போனது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அவர் கத்தியது எங்களுக்குக் கேட்டது, டிரைவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த நிறுத்தம் தள்ளி இருக்கிறது. காளியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அவரு இறங்கி நடந்து வந்துருவாரு, இங்கயே நில்லுங்க" என்று நான் சொன்னேன்.

பொற்கொடி நிற்கவில்லை. வெயிலில், பஸ் போன பக்கமே நடக்கத் தொடங்கிவிட்டாள்.