ரோஜாவுக்கு வைத்த கொய்யாச் சக்கை

அவளுக்கு ‘இலை மேனேஜர்’ என்று பட்டம் கொடுத்தவர் அவள் கணவர்தான். தையல்கடை வைத்திருந்தார், மிஷினைவிட வாய் வேகமாக ஓடும்.

அவளுக்கு வேலை, பழமர இலைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். கொய்யாவோ மாவோ, வந்ததைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவாள். சாறு மேல்மாடிக்குப் போகும். சக்கையைக் காயவைத்து, வீட்டு ரோஜாத் தொட்டிக்கு எருவாக அடுப்படியில் ஒரு நீல டப்பாவில் போட்டு வைப்பாள்.

வீட்டில் சாப்பிடும்போது தன் மேலதிகாரி மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவாள். “கொய்யா இலைச் சத்து ரத்தத்துல சர்க்கரை ஏறுறதை மட்டுப்படுத்தும் போலிருக்கும்மா! இன்னும் சோதனைதான், ஊரெல்லாம் தண்டோரா போட்டுடாதே!”

சர்க்கரைக்காரரான வீட்டுக்காரர் காதில் முன்பாதி மட்டும் ஏறியது.

ஒரு நாள் அவர் காலுறையைக் கழற்றியபோது கட்டைவிரலில் புண் தெரிந்தது.

“என்னங்க இது?”

“மிஷின் மிதி உரசிடுச்சு. ஆறிடும்.”

“மாத்திரை போடுறீங்கல்ல?”

அவர் காலுறையை மறுபடி மாட்டப் பார்த்தார். அவள் அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

“வீட்டுலயே இலை மேனேஜர் இருக்கும்போது மாத்திரை எதுக்கு? தினமும் உன் கொய்யா இலையைத்தான் கொதிக்கவெச்சுக் குடிக்கிறேன். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு!”

“எந்த இலை?”

“டீத்தூள் பக்கத்துல, நீல டப்பா.”

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. புண்ணைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

“ஐயோ, அது சக்கைங்க! இருந்த சத்தை நாங்க வடிச்சாச்சு. நீங்க குடிச்சது ரோஜாவோட எரு.”

“அப்ப அந்தப் பஞ்சு?”

“வெறும் நினைப்புதாங்க.”

“சரி, நல்ல இலையா கொண்டு வாயேன்.”

“கொண்டு வந்தாலும் மாத்திரையை விடக் கூடாது. எங்க சாருக்கே இன்னும் பிடிபடல. உங்க காலை வெச்சா சோதிச்சுப் பார்க்கணும்?” அவள் குரல் உடைந்தது. அவர் டாக்டரிடம் போகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“நல்ல வேளை, புண் ஆழமாப் போகல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரல் போயிருக்கும்” என்று சொல்லிக் கட்டுப் போட்டார் டாக்டர்.

மறுநாள் காலை அவள் தண்ணீரும் மாத்திரையுமாக எதிரே நின்றாள். அவர் விழுங்கிவிட்டு, அந்த மேலதிகாரி மாதிரியே மூக்கால் கேட்டார். “வாயைத் திறந்து காட்டணுமா, மேனேஜரம்மா?”

“காட்டுங்க.”

காட்டினார். பிறகு நொண்டிக்கொண்டே போய், நீல டப்பாவை ரோஜாத் தொட்டியில் கவிழ்த்தார்.

“கோவிச்சுக்காதே ரோஜாத் தாயி, உன் சாப்பாட்டுல இத்தனை நாளா நான் கை வெச்சுட்டேன்.”

தொண்டையில் நின்றிருந்த சிரிப்பு இப்போதுதான் அவளுக்கு வெளியே வந்தது.