முழங்கால் அளவு

ஆறு பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள் ஜீப் அக்கா. பக்கத்து இருக்கையில் நர்ஸ் தடுப்பூசிப் பெட்டியை மடியில் அணைத்திருந்தாள். தண்ணீர் முழங்காலைத் தொடாவிட்டால் வண்டி போகும், தாண்டினால் போகாது. பதினாறு வருஷமாக அவளுக்கு இது ஒன்றுதான் சட்டம்.

சட்டம் ஒரே ஒருமுறை தவறியது. அன்று அவளுக்குக் காய்ச்சல். கூட வந்த வன அதிகாரி, "நீ உக்காரும்மா, நான் பாக்குறேன்" என்று இறங்கி, முழங்காலுக்குக் கீழேதான் என்று அடித்துச் சொன்னார். மனிதர் ஆறேகால் அடி. ஜீப்பை ஆற்றிலிருந்து இழுத்துப் போட மூன்று நாள் ஆயிற்று. "அவரு முட்டி வேற, என் முட்டி வேற. இந்த வண்டிக்கு என் முட்டியைத்தான் தெரியும்" என்பாள்.

காட்டாற்றை ஒட்டி ஓடும் நாற்பது கிலோமீட்டர் மண்பாதையும் அவளுக்குப் புகுந்த வீடு மாதிரி. பள்ளங்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருக்கிறாள். காலையில் தலை கூரையில் இடித்து அலறிய நர்ஸிடம், "அது நாத்தனார், சிஸ்டர். எவ்வளவு மண்ணு போட்டாலும் வாயை மூடாது. அடுத்து மாமியார் வரும், கெட்டியா புடிச்சுக்குங்க" என்றாள். எதிரே வண்டி வருவது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனாலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பாள். "கரடி இருக்குற இடம்னாலும் சொல்லிட்டுத்தானே வரணும்?"

இன்று தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஒரு விரல் நின்றது.

"ஒரு விரல்தானேக்கா! ஐஸ் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். அக்கரையில பதினோரு குழந்தைங்க காத்துக்கிட்டிருக்கு."

"அந்த ஒரு விரல்தான் சிஸ்டர் இன்ஜினுக்குள்ள போகும்."

"அப்ப திரும்பிடலாமா?" நர்ஸ் பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

அக்கா ஆற்றைப் பார்த்து அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். கரையேறி வந்து இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகினாள். "போகக்கூடாதது ஜீப்புதானே, நான் இல்லையே" என்றபடி பெட்டியை வாங்கித் தலையில் ஏற்றினாள். "ஊரு ரெண்டு வளைவு தள்ளித்தான். நடங்க."

நர்ஸ் செருப்பைக் கழற்றி முதல் அடியை வைத்தாள். தண்ணீரின் குளிரிலும் இழுப்பிலும் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்னே போன அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் பெட்டியைத் தாங்கியபடி, இன்னொரு கையை மட்டும் பின்னால் நீட்டி, வா வா என்று அசைத்தாள்.