தமீரா டீச்சரும் நாய்ச் சட்டையும்

மலையடிவாரக் கெகென் ஊர்ப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த தமீராவின் சொல்லை, அத்தனை ஆண்டுகளில் எந்த மாணவனும் முதல் தடவையிலேயே கேட்டதற்குச் சான்று இல்லை. வரிசையில் நில் என்றால் சிதறினார்கள். ஓடு என்றால் நடந்தார்கள். ஐம்பத்து மூன்றாம் வயதில் வேலையிலிருந்து விலகியவர், அடுத்த வாரமே தாஸி இனத்து வேட்டை நாய்க்குட்டி ஒன்றை வாங்கிவந்தார். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட அதற்கு ‘உஷ்கிர்’ என்று பெயரிட்டார். கடுகி ஓடுகிறவன் என்று பொருள்.

இரண்டே ஆண்டுகளில் உஷ்கிர் ஊரிலேயே ஒழுக்கமான ஜீவன் ஆயிற்று. எல்லைக் காவல்படையில் நாய் பழக்கும் ஒருவரிடமிருந்து வாங்கிய கையேட்டைத் தமீரா வரி பிசகாமல் பின்பற்றினார். உட்கார், நில், விடு, வா, பக்கத்தில் நட என ஐந்து சொற்கள். காலையில் வாற்கோதுமைக் கஞ்சியில் ஆட்டு எலும்புச் சாறு. வாரம் ஒருமுறை நகம் வெட்டுதல். புல்வெளியிலிருந்து திரும்பியதும் காதுமடல் வரை உண்ணி பார்த்தல். குளிர்காலத்தில், பழைய கோட்டின் உள்துணியைக் கிழித்துத் தாமே தைத்த மேலாடை. ஒருமுறை பத்தடி தூரத்தில் முயல் ஒன்று துள்ளியபோது, உஷ்கிர் தலையைத் திருப்பித் தமீராவின் முகத்தைப் பார்த்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் முயல் ஆற்றைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையைத் தமீரா பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தார். கேட்டவர்கள் வேறு காரணத்துக்காகச் சிரித்தார்கள்.

வீடு தம்பி தால்காத்தினுடையது. கடைசிப் பிள்ளைக்கே பெற்றோர் வீடு என்ற முறைப்படி அது அவனுக்குப் போனது. மணமாகாத அக்காள் அதில் ஓர் அறையிலும், அக்காளின் நாய் அந்த அறையின் கம்பளத்திலும் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கும் மனக்குறை இருக்கவில்லை. தால்காத்தின் மனைவி ஐஸாதாவுக்குப் பிள்ளை பிறந்து, அவளுடைய தாய் கலிபா நாற்பது நாள் துணையிருக்க வந்து சேர்ந்தபோதுதான் பேச்சு வளர்ந்தது.

கலிபாவுக்கு நாய்மேல் வெறுப்பில்லை. தாஸி நாய்மேல் மதிப்பு மிகுதி என்பதுதான் தொல்லை.

"ஒரு மனுஷனுக்கு ஏழு செல்வம்னு பெரியவங்க சொல்லுவாங்களே, தாஸி அதுல ஒண்ணு, சம்பந்தியம்மா. எங்கப்பாவோட தாஸி ஒரு பருவத்துக்கு நாப்பது நரி பிடிச்சுது. நீங்க என்னடான்னா இதைக் கம்பளத்துல உட்கார வெச்சு நகம் வெட்டிட்டிருக்கீங்க."

"நல்லா பழக்கின நாய்ம்மா அது."

"பழக்கிட்டீங்க, சரி. எதுக்கு?"

தமீரா உஷ்கிரின் அடுத்த பாதத்தைக் கையில் எடுத்தார். கலிபா தன் அக்காள் மகன் ஒரஸாலியின் பெயரை எடுத்தார். அவன் மலை மேய்ச்சலில் ஆடு வைத்திருப்பவன்; நல்ல நாய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். உஷ்கிர் அவனோடு போகட்டும் என்றார். தால்காத் மாமியாரையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

கடைசியில் கலிபாவே ஒரு வழி சொன்னார்.

"நாப்பதாம் நாள் பிள்ளையோட நாய்ச் சட்டையைக் கழட்டுறோம் இல்லையா? தெரு நாய் எதுக்கு, உங்க உஷ்கிர் கழுத்துலயே கட்டுவோம். ஓடிச்சுன்னா அது இந்த வீட்டு நாய், நான் வாய் திறக்கமாட்டேன். ஓடலைன்னா ஒரஸாலியோட வண்டியில ஏறட்டும், மலையில போயாவது ஓடக் கத்துக்கட்டும். அவனும் விருந்துக்கு வர்றான்."

தமீரா சிரித்தேவிட்டார். ஓடுவதற்கென்றே பிறந்த இனம். பிறந்த பிள்ளைக்கு முதலில் போடும் சட்டைதான் நாய்ச் சட்டை; நாற்பதாம் நாள் அதில் மிட்டாய் வைத்து முடிந்து, நாயின் கழுத்தில் கட்டி விடுவார்கள். தெருப் பிள்ளைகள் துரத்திப் பிடித்துத் தின்பார்கள். பிள்ளை நாயைப் போல எதையும் தாங்கி வளரும் என்பது நம்பிக்கை. எந்தச் சொறிநாயும் செய்யக்கூடிய வேலை.

ஆயினும் தமீரா எதையும் தற்செயலுக்கு விடுகிறவர் அல்லர். முப்பது பிள்ளைகள் கூச்சலிட்டுப் பாயும்போது நாய் மிரண்டு ஒருவனைக் கடித்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே, மீதமிருந்த இரண்டு வாரமும் அவர் தெருப் பிள்ளைகளை வரவழைத்துக் கத்திக்கொண்டு ஓடிவரச் சொன்னார். அவர்கள் நெருங்கியதும் "உட்கார்" என்றார். மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சொல்லே தேவைப்படவில்லை. பிள்ளைகளைக் கண்டதும் உஷ்கிர் தானே உட்கார்ந்தது.

நாற்பதாம் நாள் பகலில் வீடு நிறைந்திருந்தது. நாற்பது கரண்டி நீரால் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்தார்கள். கலிபா அந்த வெள்ளைச் சட்டையில் மிட்டாயும் பொரித்த மாவுருண்டைகளும் வைத்து இறுக்கி முடிந்து, உஷ்கிரின் கழுத்தில் தம் கையாலேயே கட்டினார். வாசலில் பெண்கள் கூடினார்கள். பிள்ளைகள் சுவரோரம் துடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்க, டீச்சரம்மா," என்றார் கலிபா.

தமீரா கழுத்துப்பட்டையை விட்டார். பிள்ளைகள் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். உஷ்கிர் உட்கார்ந்தது.

அதன் நேர்த்தியான அமர்வைக் கண்டு பிள்ளைகளே நாலடி தள்ளி நின்றுவிட்டார்கள். உட்கார்ந்திருக்கும் நாயின் கழுத்திலிருந்து மிட்டாய் எடுப்பது திருட்டைப் போல அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஓடு," என்றார் தமீரா. நாய் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தது. அறியாத மொழியில் பேசுகிறவரை மரியாதையோடு கேட்கும் விருந்தாளியின் பார்வை அது. அப்போதுதான் தமீராவுக்கு உறைத்தது. நிற்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் சொல்லிக் கொடுத்திருந்தார். போ என்பதற்கு ஒரு சொல்கூடக் கையேட்டில் இருக்கவில்லை.

"என்னம்மா, இது பரீட்சை எழுத உட்கார்ந்திருக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வாசலே சிரித்தது. ஒரஸாலி வண்டியில் சாய்ந்தபடி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

தமீரா பட்டுத் தலைத்துணியைப் பின்னால் இறுக்கிக் கட்டினார். விருந்துக்கு உடுத்தியிருந்த நீள அங்கியின் கரையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தார். "பக்கத்தில் நட" என்று சொல்லிவிட்டு, தெருவில் ஓடத் தொடங்கினார்.

உஷ்கிர் எழுந்து கூடவே வந்தது. அவருடைய இடது முழங்காலுக்குச் சரியாகத் தன் தோளை வைத்துக்கொண்டு, ஒரு விரற்கடைகூட முந்தாமல் வந்தது. பின்னால் முப்பது பிள்ளைகள் ஆரவாரத்தோடு துரத்தினார்கள். மாவு அரைவை நிலையம்வரை அந்த ஊர்வலம் போயிற்று. அங்கே தமீராவுக்கு மூச்சு முட்டியது. அவர் நின்றார், நாய் உட்கார்ந்தது, சட்டை பிய்ந்தது, மிட்டாய் சிதறியது.

திரும்பி வந்தபோது கலிபா வாசலிலேயே காத்திருந்தார்.

"சட்டை நாயோட கழுத்துல போச்சு, அது சரி. ஆனா ஓடினது யாரு?"

"ரெண்டு பேரும்தான், அத்தை," என்றான் தால்காத் அவசரமாக.

"நீ பேசாதே, மாப்பிள்ளை. டீச்சரம்மாவே சொல்லட்டும். இத்தனை வருஷம் ஓட்டப்பந்தயம் நடத்தினவங்க. அது ஓடுச்சா?"

நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழுந்தால்தான் நாய்க்கு அது ஓட்டம். தமீரா தம் முழு பலத்தையும் கொண்டு ஓடிய வேகத்துக்கு, உஷ்கிருக்கு நடையே போதுமாக இருந்தது. நடைப்போட்டியில் ஓடிய மாணவர்களைத் தயங்காமல் விலக்கியவர் அவர். நாயைப் பார்க்காமல் சொன்னார்:

"இல்லை. நடந்தது."

ஐஸாதா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். கலிபா கையசைக்க, ஒரஸாலி விதைத் தோலைத் துப்பிவிட்டு வந்து, நாயை மூக்கிலிருந்து வால்வரை நோட்டம் விட்டான்.

"எனக்கு வேண்டாம், சித்தி."

"என்னடா, வேண்டாமா?"

"ஓநாய் வந்தா இது டீச்சரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுந்திரிக்கும். அவங்களையும் சேர்த்து மலைக்கு ஏத்திட்டுப் போக முடியுமா?"

தமீராவின் முகம் சிவந்தது. "என் நாய்கிட்ட என்னப்பா குறை?"

"குறையே இல்லைக்கா. அதுதான் சிக்கல்."

"ஒரு தடவை சொன்னா பிடிச்சுக்கும், தெரியுமா? முழுசா ஒரு வாரம் குடு. ஆட்டை வளைக்க, நரியைத் துரத்த, எல்லாத்தையும் நான் கத்துக் குடுத்துடறேன். இந்த மாவட்டத்திலேயே இதுமாதிரி..."

ஒரஸாலி முகவாயைத் தடவினான். "ஒரு வாரத்துல ஆயிடுமா?"

"நாலே நாள்ல..."

"அக்கா," என்றான் தால்காத் மெதுவாக, "தேநீர் ஆறுது."

தமீரா தம்பியைப் பார்த்தார். திறந்த வாயை மூடி, உஷ்கிரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரஸாலியிடம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நீ சொல்றது சரிதான், தம்பி. கொஞ்சம் மந்தமான நாய். ஏறாது இதுக்கு."

ஒரஸாலி தலையாட்டிவிட்டு விருந்துக்கு உள்ளே போனான். கலிபா தமீராவின் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது.

"யாருக்கும் வேண்டாம்னா நாமதானே சோறு போட்டாகணும். மந்தமான பிள்ளைங்களை டீச்சரம்மா பார்க்காததா?"

தமீரா உள்ளே போய் சம்பந்தியம்மாவின் கிண்ணத்தை வாங்கி, முதலில் பால் விட்டு, பிறகு தேநீரை, மதிப்புக்குரிய விருந்தாளிக்கு ஊற்றும் முறைப்படி அரைக்கிண்ணத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, இரு கைகளாலும் நீட்டினார்.