காவி பூசிய கன்னம்

மலேசியாவில், நம் ஈப்போவில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சென்னையில் மழை விட்ட மாலைகளில் டியூப்லைட்டைச் சுற்றி வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பூச்சி. மேலே உட்கார்ந்தால் பட்டென்று அடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். நம் ஊரில் ஆரஞ்சும் கறுப்புமாக ஓடும் சார்லி எறும்பைச் சின்னப் பிள்ளைகூட அடிக்காது, ஊதித்தான் விடும். நசுக்கினால் அதன் நஞ்சு தோலை வேகவைத்துவிடும் என்று நமக்குத் தெரியும். தெரிந்து என்ன? ராஜா அண்ணாமலைபுரத்துக்கு மருமகளாக வந்த இரண்டு வருடத்தில் எனக்கும் இந்த ஊர்க் கை வந்துவிட்டது. மகளுக்குப் பால் கொடுக்கும்போது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பட்டென்று அடித்தேன். அதே கையால் கண்ணையும் தேய்த்தேன்.

மறுநாள் காலை கழுத்திலிருந்து இடது கன்னம் வரை சூடு போட்டதுபோல் ஒரு சிவந்த கோடு, அதன்மேல் கொப்புளங்கள். இடது கண் திறக்கவே இல்லை. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பார்த்ததும் என் மடியிலிருந்த எட்டு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“உனக்கு அக்கி வந்துகீது. எழுதிக்கினு வந்து அப்பால இவளைத் தூக்கு.”

“அக்கி இல்ல அத்தை, எறும்பு.”

“எறும்பு கடிச்சா இப்டியா ஆவும்? இன்னா பேசுற நீ?”

குயவர் வீட்டில் காவி மண்ணைக் குழைத்து உடம்பில் எழுதினால் அக்கி இறங்கிவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. நாம் எறும்பு என்பது உண்மையில் வண்டு என்று விளக்கப் போய் இன்னும் குழப்பினேன். மலாயில் அதன் பெயரே செமுட் காயாப், அதாவது அக்கி எறும்பு என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. மந்தைவெளி டாக்டர் சொட்டு மருந்தும் களிம்பும் தந்து, வண்டின் நஞ்சுதான், யாருக்கும் ஒட்டாது என்றார்.

“அவரு சொல்வாரு. அவரு வூட்டுக் கொழந்தையா?” என்றார் அத்தை. கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

அடுத்த அறையில் மகள் புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுதாள். இங்கே எனக்கு மார்பு கனத்து நைட்டி நனைந்தது. உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கோபம் அத்தை மேலா, அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஈப்போவாக இருந்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்தேனோ. கதவைத் தள்ளிப் பார்த்தால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தையும் அழுதுகொண்டிருந்தார். எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மயிலாப்பூரில் பானை விற்கும் ஒரு அம்மா கன்னத்திலும் கழுத்திலும் காவியால் எழுதினார். கொப்புளத்தில் படாமல் சுற்றி எழுதுங்கள் என்றதற்குச் சிரித்தார். திரும்பியபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

“இந்தா, பசில கீறா,” என்று மகளை என் கையில் கொடுத்தார். அவளை நெஞ்சோடு சேர்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஈப்போவிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டார். காலையில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லையாம்.

“மண்ணு கிண்ணு எதையும் பூசவிட்டுடாத லா.”

“இல்லம்மா.”

ஃபோனை வலப்பக்கம் தள்ளிப் பிடித்து, சுத்தமாக இருந்த கன்னத்தைக் காட்டினேன். இடப்பக்கத்தில் மகள் காய்ந்த காவியைச் சுரண்டி விரலெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

“திரும்பு, முகத்த முழுசா காட்டு,” என்றார் அம்மா.

சிக்னல் சரியில்லை என்றேன்.