பிரசாதத்தையும் சேர்த்துப் போட்ட சமையல் திட்டம்

சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை அது. அண்ணனின் சர்க்கரைப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்றார். அண்ணன் பேருந்து நிலையத்துக்கும் செங்கம் சாலைக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க வயிற்றில் ஊசி குத்திக்கொள்வதை நினைத்தே அன்று அவர் வண்டியை எடுக்கவில்லை.

என்ன சமைப்பது என்று அண்ணி அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவருக்கு வேலை.

"எனக்குன்னு கெடைக்கிறது ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தம்பி. அன்னிக்கே வாரத்துக்கும் யோசிச்சி வெச்சிட்டா காலைல முழிச்சிக்கினு நிக்க வேணாம் பாருங்க" என்றார் என்னிடம்.

ஞாயிறு காலையில் சந்தைக்குப் போய் அவரை, புடலை, சுரைக்காய், கீரை வாங்குவார். கீரையை ஆய்ந்து துணியில் சுற்றி வைப்பார். கொள்ளுப்பொடி அரைப்பார். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டிலிருந்து வேர்க்கடலை வரும். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கும் நாள் என்பதால் ஜெராக்ஸ் கடையில் விடிந்ததுமே கூட்டம். அதனால் அன்றைக்குச் சாமைச் சாதத்தில் எல்லாக் காயையும் போட்டு ஒரே குக்கரில் முடித்துவிடுவார். அண்ணன் ஆள் ஏறும் இடைவெளியில் சாப்பிடுகிறவர், கை கழுவ இடம் கிடையாது. ஆகவே டப்பாவில் போவதெல்லாம் ஸ்பூனால் அள்ளித் தின்னக்கூடியதாக இருக்கும்: சுண்டல், பொரியல், துண்டு போட்ட கேழ்வரகு அடை. நான் நிறையப் படிக்கிறவன். உணவைப் பற்றியும் படித்திருக்கிறேன். சாப்பிடுகிறவருடைய பிழைப்பை இவ்வளவு கூர்ந்து பார்த்துப் போட்ட திட்டத்தை எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

ஆவணிப் பௌர்ணமி முடிந்த வாரம் சோதித்துப் பார்த்தோம். சர்க்கரை இறங்கவே இல்லை.

"வெளிய எதுனா சாப்புட்டீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"சத்தியமா ஒண்ணும் சாப்புடல" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

அடுத்த ஞாயிறு வண்டி கழுவும்போது விஷயம் வெளியே வந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அடுக்கடுக்காகத் தொன்னைகள். சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்னா?"

"பிரசாதம்."

"சாப்புட்டீங்களா இல்லியா?"

"பிரசாதத்தப் போயி சாப்பாடுன்னு சொல்லுவாங்களா? கைல குடுத்தா வேணாம்னு சொல்ற ஊரா இது?"

வாளியும் கையுமாக நின்ற எனக்கு அவர் பேச்சு நியாயமாகவே பட்டது. கிரிவலப் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் யாராவது எதையாவது கையில் வைப்பார்கள். அதை நானும் ஒருநாளும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை.

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தார். "சரி, எந்தக் கிழம எங்க என்னா குடுக்கறாங்க, சொல்லுங்க" என்றார்.

அண்ணன் தெருத்தெருவாக ஒப்பித்தார்.

"மாத்திரைய மறக்கற ஆளுக்கு இது மட்டும் எப்பிடிங்க இம்மாம் ஞாபகம்?"

பிரசாதத்தை வாங்க வேண்டாம் என்று அண்ணி சொல்லவில்லை. அதை ஒரு வேளையாக எண்ணித் திட்டத்தை மாற்றினார். பிரதோஷத்தன்று மாலை புளியோதரை கிடைக்கும் என்றால், இரவு வீட்டில் காயும் மோரும் மட்டும். பௌர்ணமிக்குத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அண்ணன் வீட்டுக்கு வர முடியாது. அன்றைக்குப் பெரிய டப்பா. முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். பிறகு கைக்கு வருவதைக் கண்ணில் ஒத்திக்கொண்டு ஒரு விரல் அளவு வாயில் போடலாம், மிச்சம் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு.

ஐப்பசிப் பௌர்ணமியன்று மாலை நானும் அந்த ஆட்டோவில் இருந்தேன். யாரோ நீட்டிய பொங்கலை அண்ணன் ஒரு விரல் தொட்டுக்கொண்டு, பின்னால் இருந்த அம்மாளின் பையனிடம் கொடுத்தார்.

"என்னாங்க, சாமி பிரசாதத்த அப்பிடியே குடுத்துட்டீங்க?"

"எனக்கு வீட்டுல உத்தரவு இவ்ளோதான்மா."

அந்த மாதக் கடைசியில் தவணை முடிந்தது. மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் தாளைப் பார்த்தார், பழைய தாளையும் எடுத்துப் பார்த்தார். நல்லாவே குறைஞ்சிருக்கு, மாத்திரையே போதும், இப்படியே சாப்பிடுங்க என்றார். அண்ணி இரண்டு தாள்களையும் வாங்கி வராந்தாவில் நின்று மறுபடி படித்தார். அண்ணன் வெளியே போய் வண்டியைக் கிளப்பி, தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அண்ணி அரைநாள்தான் பர்மிஷன் வாங்கியிருந்தார். வேங்கிக்காலில் கடை வாசலில் இறங்கினார்.

"கார்த்திகை வருது. தீபத்துக்குப் பத்து நாளும் ஊரே அன்னதானம் போடும்" என்று அண்ணனிடம் சொன்னார். "அதுக்கு வேற மாதிரி யோசிக்கணும். ஞாயித்துக்கிழமை எங்கியும் போயிடாதீங்க."