நண்டுக் குழம்பில் கலந்த பொடி

என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து நண்டு கொண்டுவரும் நாட்களில், கோட்டைக்குப்பத்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய கொடுக்கைப் பல்லாலேயே உடைத்து, சதையை என் தட்டில் வைத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். குடி முற்றிய பிறகும் அது மாறவில்லை.

அந்தக் குடியை நிறுத்தத்தான் ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் போனேன். வாந்தி வரவைக்கும் பொடி கொடுத்தார். "சரக்குல கலந்து குடும்மா. நாலு தடவ கொமட்டிச்சின்னா, அந்த வாசனையே புடிக்காது" என்றார். வீட்டுக்காரரோ பாட்டிலை இடுப்பைவிட்டு இறக்கமாட்டார். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்று, குடித்துவிட்டு வந்தவர் தட்டில் ஊற்றும் நண்டுக் குழம்பில் மட்டும் கலந்து போட்டேன். மூன்று முறை. மூன்று முறையும் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார்.

நான்காம் முறை, குழம்பு கொதிக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பாட்டில் கையில்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துத் தானாகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை விட்டார். நண்டு ருசி மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. "குடிச்சி குடிச்சி என் நாக்கே கெட்டுப்போச்சிமே" என்று தன்னையே நொந்துகொள்வார். அந்தப் பொடியைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் என் அக்கா நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அவர் முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, கொடுக்கைக் கல்லால் உடைத்து என் தட்டில் வைத்தார்.

"நீ துன்னுமே."

அத்தனை வருடம் ருசித்துத் தின்ற அந்தச் சதையை, அன்றுதான் முதன்முறையாகத் தின்னாமல் தட்டோடு ஒதுக்கி வைத்தேன்.